சொற்களால் மட்டுமே ஆன விளையாட்டுகள்



கணிப்பொறி விளையாட்டு என்றதும் ஓடுவதும் சுடுவதும் மதில் தாண்டுவதுமான வண்ணப் படங்களே பலருக்கும் நினைவில் எழும். கவிஞர்கள் கூடிய அவையில் அதற்கு என்ன இடம் என்ற கேள்வியும் உடன் எழும். கேள்வி நியாயமானதே. ஆயினும் படமே இல்லாத, முதலிலிருந்து முடிவு வரை எழுத்தால் மட்டுமே ஆன விளையாட்டுகள் ஒரு காலத்தில் இருந்தன. 1976ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றி 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவை செல்வாக்குடன் விளங்கின. அவற்றுள் சிலவற்றைப் பெயர்பெற்ற கவிஞர்களே எழுதினார்கள்.

அக்கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் கவிதைத் தொகுதிகள் வரிசையாக நிற்கும். விளையாட்டின் பெயர் ஓர் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். விளையாட்டுகளை விரும்புவோருக்கோ இவற்றில் படிக்க வேண்டியது அதிகம் என்ற மனக்குறை உண்டு. இவ்வாறு பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இடமின்றிப் போன படைப்புகள் இவை. இவற்றை இலக்கியம் என்பதா, பொழுதுபோக்கு என்பதா என்ற வழக்கைத் தீர்த்து வைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. சொல் என்னும் கருவிக்கு இவை எதைப் புதிதாகச் செய்து காட்டின என்பதையே இங்கு ஆராயலாம்.

ஏவலின் உலகம்

இவ்விளையாட்டுகளின் அமைப்பு எளிமையானது. திரையில் ஒரு சிறு பத்தி தோன்றும். ஓர் அறை, வடக்கே ஒரு கதவு, தரையில் ஒரு விளக்கு என்று அது ஓர் இடத்தை வருணிக்கும். அதன் கீழே ஒரு குறி கண்சிமிட்டிக் காத்திருக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டும். ‘விளக்கை எடு’, ‘கதவைத் திற’, ‘வடக்கே போ’ என்பன போன்ற கட்டளைகள். கட்டளை பொருந்தினால் உலகம் மாறும்; மாறிய உலகத்தை அடுத்த பத்தி சொல்லும்.

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இதில் ஓர் ஈர்ப்பு உண்டு. தமிழில் ஏவல் ஒருமை வினை பெரும்பாலும் விகுதி ஏதும் வேண்டாமல் பகுதி அளவிலேயே நிற்கும். எடு, திற, போ, கொடு என்பன வினையின் வேர்களாகவும் இருக்கின்றன. பிறரை ஏவும் முழுச் சொற்களாகவும் இருக்கின்றன. எழுத்து விளையாட்டின் மொழியும் அத்தகையதே. அங்கே ஆடுபவருக்கு இறந்த காலம் இல்லை, எதிர்காலம் இல்லை, வியங்கோளும் இல்லை. ‘வருந்துகிறேன்’ என்று சொன்னால் அவ்வுலகத்துக்குப் புரியாது. ஏவல் ஒன்றே அங்கு வழங்கும் நாணயம்.

அந்த நாணயமும் சில்லறையாகவே கிடைக்கும். ஒரு விளையாட்டுக்கு வரம்புக்கு உட்பட்ட சொற்களே தெரியும். தெரியாத சொல்லைத் தந்தால் ‘அச்சொல்லை அறியேன்’ என்ற பொருளில் ஒரு மறுப்பு வரும். முதன்முறை ஆடுபவர் முதல் ஒரு மணி நேரத்தில் பெறும் அனுபவம் பெரும்பாலும் இந்த மறுப்பே. மொழி தெரியாத ஊரில் இறங்கியவர் போல அவர் சொல் சொல்லாகத் தட்டிப் பார்ப்பார். எச்சொல் செல்லும், எச்சொல் செல்லாது என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். பிடிபட்ட பிறகு, தட்டும் ஒவ்வொரு சொல்லும் கல்லைப் போல் கனமுடையதாகிவிடும். சொல்லைச் செட்டாகப் பயன்படுத்தக் கற்றவர்களுக்கு, அதாவது கவிஞர்களுக்கு, இந்தக் கனம் புதிதன்று.

குகையில் பிறந்த மொழி

இவ்வகையின் முதற்படைப்பை எழுதியவர் கவிஞர் அல்லர். வில் குரௌதர் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் நிரலாளராக இருந்தார். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவரும் அவர் மனைவி பாட்ரீசியாவும் குகை ஆய்வாளர்கள். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையையும் பிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியையும் இணைக்கும் வழியை 1972 செப்டம்பரில் கண்டறிந்த குழுவில் பாட்ரீசியாவும் இருந்தார். பின்னர் அவர்களின் மணவாழ்க்கை முறிந்தது. மகள்களைப் பிரிந்த குரௌதர், அவர்கள் வரும்போது விளையாடுவதற்காகத் தாம் நன்கறிந்த பெட்குவில்ட் என்னும் குகைப் பகுதியைச் சொற்களால் கட்டி எழுப்பினார். 1977இல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த டான் வூட்ஸ் அவருடைய இசைவுடன் அதை விரிவாக்கினார். ‘அட்வென்சர்’ என்றும் ‘கொலாசல் கேவ்’ என்றும் அது வழங்கலாயிற்று.

அந்நிரல் எச்சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே பார்த்தது. ஆங்கிலத்தில் ‘வடகிழக்கு’ என்பதை முழுமையாகத் தட்டினால் முதல் ஐந்து எழுத்துகளைக் கொண்டு ‘வடக்கு’ என்றே அது எடுத்துக்கொள்ளும். இத்தனை குறைச்செவி உடையதாயினும் அதன் வருணனைகள் பொய் சொல்லவில்லை. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆய்வாளர் குரௌதரின் மூல நிரலைத் தேடி எடுத்து, குகைக்குள்ளும் சென்று ஒப்பிட்டு, 2007இல் வெளியிட்ட கட்டுரையில், அந்நிரலின் இட வருணனைகள் மெய்யான குகையோடு பெரிதும் பொருந்துவதைக் காட்டினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. குரௌதரின் வாக்கியங்கள் அலங்காரம் அற்றவை. நில அளவைக் குறிப்பு எழுதுபவரின் வறண்ட நடை அது. ஆயினும் ஆடியவர்கள் ஈரத்தையும் இருட்டையும் உணர்ந்தார்கள். தாம் நடந்த இடத்தை மட்டும் சொல்வது என்ற ஒழுங்கே அவ்வாக்கியங்களுக்கு வலிமை தந்தது. நிலத்தை அறிந்து பாடிய பாட்டுக்கும் நிலத்தை அறியாமல் பாடிய பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த மரபினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கவிதை ஒரு திறவுகோல்

1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணிப்பொறிகள் பரவின. பதிப்பகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் ‘மின் நாவல்’ என்றொரு புதுவகை உருவாகப் போகிறது என்று நம்பின. கலிபோர்னியாவின் சைனாப்ஸ் நிறுவனம் அதற்கென ஒரு கவிஞரை நாடியது. அவர் ராபர்ட் பின்ஸ்கி. அப்போது பெர்க்கிலியில் பேராசிரியர். அவர் எழுதிய ‘மைன்ட்வீல்’ 1984இல் வெளியாயிற்று. ஸ்டீவ் ஹேல்ஸ், வில்லியம் மடாகா ஆகியோர் நிரல் அமைத்தனர். கெட்டி அட்டை போட்ட ஒரு நூலும் நெகிழ்வட்டும் சேர்ந்தே அது விற்பனைக்கு வந்தது. புத்தகக் கடையில் நாவல்களோடு நாவலாக அது நிற்க வேண்டும் என்பதே எண்ணம்.

கதை இது. உலகம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காக்கும் ஞானச் சக்கரத்தைத் தேடி, இறந்துபோன நால்வரின் மனங்களுக்குள் ஆடுபவர் பயணம் செய்ய வேண்டும். ஒருவர் கொலையுண்ட இசைக் கலைஞர், ஒருவர் சர்வாதிகாரி, ஒருவர் கவிஞர், மற்றொருவர் விஞ்ஞானியான ஒரு பெண்மணி. பயணத்துக்கு அனுப்பி வைப்பவரின் பெயர் டாக்டர் வர்ஜில். நரகத்தின் வழியே தாந்தேயை அழைத்துச் சென்ற வர்ஜிலின் பெயரே அது. பத்தாண்டு கழித்து 1994இல் பின்ஸ்கி தாந்தேயின் ‘இன்பெர்னோ’வை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அப்பெருமுயற்சியின் நிழல் இவ்விளையாட்டில் முன்னரே விழுந்திருப்பது வியப்புக்குரியது.

‘மைன்ட்வீல்’ கனவின் போக்கில் நகர்கிறது. ஒரு மனத்துக்கும் இன்னொரு மனத்துக்கும் நிறமும் ஒலியும் வேறுபடுகின்றன. செய்யுளில் விடுபட்ட சொற்களை ஆடுபவரே நிரப்பினால்தான் வழி திறக்கும் இடமும் உண்டு. இங்குதான் கவிஞரின் கை தெரிகிறது. யாப்பின் ஓசையைச் செவியால் பிடித்தவருக்கு விடுபட்ட சொல் எளிதில் கிட்டும்; அறிவால் மட்டும் தேடுபவர் தடுமாறுவார். ஈற்றடியைத் தந்து வெண்பாவை முடிக்கச் சொல்லும் நம் மரபினருக்கு இவ்வகைச் சோதனை அறிமுகமானதே.

பின்ஸ்கி பிற்காலத்தில் கவிதையை உடலின் கலை என்றும், வாசிப்பவரின் மூச்சும் குரலுமே அதன் ஊடகம் என்றும் வலியுறுத்தி வந்தார். 1997 முதல் 2000 வரை அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் என்று வழங்கப்படும் பொறுப்பை வகித்தபோது, பொதுமக்கள் தாம் விரும்பிய கவிதையை வாய்விட்டுப் படிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். கவிதை வாசிப்பவரின் வாயில் நிறைவு பெறுகிறது என்ற அக்கொள்கைக்கும், வாசிப்பவரின் விரல் அசையாவிட்டால் ஓரடியும் நகராத இந்த விளையாட்டுக்கும் உறவு இல்லாமல் இல்லை.

குறைகளும் உண்டு. கனவின் தருக்கம் படிக்க இனியது. புதிர் அவிழ்க்க உதவாது. எதைச் செய்தால் எது நிகழும் என்பது பல இடங்களில் ஊகத்துக்கும் எட்டாதது. கவிதைக்கு அழகு செய்யும் மயக்கம் விளையாட்டுக்குத் தளையாகிவிடுகிறது. சைனாப்ஸின் மின் நாவல்கள் நான்கோடு நின்றன.

வெட்டப்பட்ட சொற்கள்

இரண்டாமவர் தாமஸ் டிஷ். அறிபுனைகதை எழுத்தாளராகப் புகழ் பெற்றவர், கவிஞர், கவிதைத் திறனாய்வாளர். அவர் எழுதிய ‘அம்னீசியா’ 1986இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியீடாக வந்தது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு விடுதி அறையில் ஒருவன் கண் விழிக்கிறான். உடுக்க உடையில்லை. தன் பெயரும் நினைவில்லை. கண்ணாடியில் தெரியும் முகமும் அவனுக்குப் புதிது. தான் யார் என்பதை அவன் அந்தப் பெருநகரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பசிக்கும், உறங்க இடம் வேண்டும், காசுக்காகப் பிச்சை எடுக்கவும் கார்க் கண்ணாடி துடைக்கவும் நேரும்.

இதன் தனிச்சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது நகரத்தின் முழுமை. 110ஆம் தெருவுக்குத் தெற்கே உள்ள மன்ஹாட்டனின் தெருச்சந்திப்புகளும் சுரங்க ரயில் நிலையங்களும் ஒன்று விடாமல் அதில் இடம்பெற்றன. ஆனால் நெகிழ்வட்டின் கொள்ளளவு சிறியது. டிஷ் நாவல் அளவுக்கு நீண்ட கைப்பிரதியைத் தந்திருந்தார். அதில் கணிசமான பகுதி வெட்டப்பட்டது. வரைபடம் முழுமையாக நின்றது, வாக்கியங்கள் குறைந்தன.

ஆடுபவர் பெறும் உணர்வு இதன் விளைவே. விடுதிக்குள் கதை செறிவாகவும் எள்ளலுடனும் ஓடுகிறது. வெளியே கால் வைத்ததும் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கிறது. தெருவின் பெயர், குறுக்குத் தெருவின் பெயர், மீண்டும் தெருவின் பெயர். நினைவிழந்த மனிதன் பெயர்கள் மட்டுமே உள்ள, மனிதர்கள் இல்லாத நகரில் நடக்கிறான். ஒரு வகையில் இதுவும் அக்கதைக்குப் பொருத்தமே என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் எழுதிய சொற்களை நீக்கி எல்லையற்ற வெளியைத் தந்தது நல்ல பேரமன்று. நூறு தெருக்களை விட நன்றாகச் சொல்லப்பட்ட ஒரு தெருமுனை பெரிது. டிஷ் இந்த அனுபவத்தால் மனம் கசந்தார். மீண்டும் இத்துறைப் பக்கம் வரவில்லை. 2008இல் அவர் மறைந்தார்.

பார்ப்பதே வினை

கவிஞர் என்று பெயர் பெறாதவர்களே இவ்வகையின் சிறந்த இரண்டு படைப்புகளைத் தந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் இன்போகாம் நிறுவனத்தவை. எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் 1979இல் தொடங்கிய நிறுவனம் அது.

முதலாவது, ஸ்டீவ் மெரெட்ஸ்கி 1985இல் எழுதிய ‘எ மைன்ட் பாரெவர் வாயேஜிங்’. தலைப்பு வேர்ட்ஸ்வொர்த்தின் ‘பிரெலூட்’ என்னும் நெடும்பாட்டில் நியூட்டனைப் பற்றி வரும் ஒரு தொடர். பெர்ரி சிம் என்னும் இளைஞனாகத் தன்னை நம்பி வாழ்ந்த ஒருவனுக்கு, அவன் மனிதனல்லன், பிரிசம் என்னும் சிந்திக்கும் கணிப்பொறி என்ற உண்மை சொல்லப்படுகிறது. ஆண்டு 2031. அரசியல்வாதி ஒருவர் நாட்டைச் சீர்திருத்த ஒரு திட்டம் தீட்டியிருக்கிறார். அத்திட்டம் நிறைவேறினால் பத்தாண்டு கழித்து, இருபதாண்டு கழித்து நாடு எப்படி இருக்கும் என்பதைப் பாவனை உலகில் நடந்து பார்த்துப் பதிவு செய்து வருவதே அவன் பணி. ரீகன் 1984இல் பெருவெற்றியுடன் மீண்டும் அதிபரானதைக் கண்டு மனம் நொந்த மெரெட்ஸ்கியின் மறுமொழி இந்த விளையாட்டு.

இதில் புதிர்கள் பெரும்பாலும் இல்லை. பெர்ரி அதே ஊரின் அதே தெருக்களில் பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறான். கடைகள் மூடப்படுகின்றன, காவல் கூடுகிறது, மதவெறி வளர்கிறது. அவனுக்கு மனைவி ஜில் இருக்கிறாள். மகன் மிட்செல் பிறக்கிறான். பின்னொரு பத்தாண்டில் வளர்ந்த அம்மகனே வெறியர் கூட்டத்தோடு வந்து தாயைக் காட்டிக் கொடுக்கிறான். அப்போது ஆடுபவர் எக்கட்டளை தட்டினாலும் பயனில்லை. பார்க்கலாம், பதிவு செய்யலாம், அவ்வளவே. ஏவலால் ஆன மொழி ஏவலின் கையறு நிலையைக் காட்டும் இடம் அது. கையறு நிலை என்று ஒரு துறையே வகுத்த மொழியினர் இவ்விடத்தில் சற்று நின்று செல்வார்கள்.

விரல் செய்யும் கொலை

இரண்டாவது, பிரையன் மோரியார்ட்டி 1986இல் எழுதிய ‘டிரினிட்டி’. 16 ஜூலை 1945 அன்று நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் பெயர் அது. அப்பெயரே கவிதையோடு தொடர்புடையது. ஏன் அப்பெயரைச் சூட்டினார் என்று பின்னாளில் கேட்கப்பட்டபோது, ஜான் டன்னின் கவிதைகள் அப்போது தம் மனத்தில் இருந்ததாக ஓப்பன்ஹைமர் 1962இல் எழுதினார்.

விளையாட்டு லண்டனில் கென்சிங்டன் தோட்டத்தில் தொடங்குகிறது. விடுமுறை நாள்; குழந்தை வண்டிகளைத் தள்ளும் தாதியர்; புறாக்கள். அணு ஆயுதப் போர் மூள இன்னும் சிறிது நேரமே இருக்கிறது. அங்கே முகத்தின் ஒரு பக்கம் தழும்பேறிய மூதாட்டி ஒருவர். அவருடைய குடையைக் காற்று மரத்தில் சிக்க வைக்கிறது. அழிவுக்குச் சற்று முன் ஆடுபவர் வேறோர் உலகுக்குள் தப்பி நுழைகிறார். அங்கே மாபெரும் நிழற்கடிகாரம் ஒன்று. அதைச் சூழ்ந்து ராட்சதக் காளான்கள். கடிகாரத்தின் நிழல் எக்காளானில் விழுகிறதோ அதில் ஒரு கதவு திறக்கும். ஒவ்வொரு கதவும் வரலாற்றில் ஓர் அணு வெடிப்புக்கு இட்டுச் செல்லும்.

ஒரு கதவு திறப்பது 9 ஆகஸ்ட் 1945 அன்றைய நாகசாகியில். குண்டு விழும் வேளை நெருங்கிவிட்டது. அங்கே ஒரு சிறுமி. லண்டன் மரத்திலிருந்து எடுத்து வந்த குடை அவள் கைக்குப் போகிறது. தோட்டத்து மூதாட்டியும் இச்சிறுமியும் யார் என்பதைக் கதை வாய்விட்டு விளக்குவதில்லை. குடையே போதுமானதாக இருக்கிறது. ஒரு பொருளைக் கைமாற்றியே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடும் இந்த அடக்கம் குறிப்புப் பொருளின் உயர்ந்த எடுத்துக்காட்டு.

இன்னோர் இடம் இதனினும் கொடியது. பயணத்தின் ஒரு கட்டத்தில் ஒரு கலவை தயாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் புதிதாகக் கொல்லப்பட்ட ஓர் அரணை தேவை. ஆடுபவர் உயிருள்ள அரணையைப் பிடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். வேறு வழி உண்டா என்று தேடுவார், இல்லை. இறுதியில் ‘கொல்’ என்ற சொல்லை அவர் தாமே தட்டச்சு செய்தாக வேண்டும். பிற விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கானோரைச் சுட்டு வீழ்த்தியவர்கள்கூட இந்தச் சிற்றுயிரின் முன் தயங்கியிருக்கிறார்கள். மனித குலத்தைக் காப்பதற்காக ஒரு சிறிய உயிர்தானே என்ற வாதம் அவர்களுக்குள் எழும். அணுகுண்டைச் செய்தவர்கள் தமக்குச் சொல்லிக்கொண்ட வாதமும் அதன் சாயல் உடையதே. வரலாற்றுப் பாடம் எதுவும் நிகழ்த்தாமல், ஒரே ஒரு வினைச்சொல்லைக் கேட்டு வாங்கி, ஆசிரியர் ஆடுபவரை அந்த வரிசையில் கொண்டு நிறுத்திவிடுகிறார். சோதனையைத் தடுக்கும் முயற்சியின் முடிவும் ஆறுதல் தருவதில்லை. கதை தொடங்கிய தோட்டத்துக்கே அது திரும்புகிறது.

நூலைப் படிப்பவர் குற்றமற்றவர். கதையில் யார் யாரைக் கொன்றாலும் பக்கத்தைப் புரட்டியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. இங்கே அந்தப் பாதுகாப்பு நீங்குகிறது. சொல்லே செயலாகிறது, செயலுக்குச் சொன்னவர் பொறுப்பாகிறார். இப்பழைய விளையாட்டுகள் சொற்கலைக்குத் தந்த புதுமை இதுவே. சொல்லுக்குப் பயன் உண்டு, சாபமும் வரமும் சொல்லால் நிகழும் என்று நம்பிய பழைய உலகின் ஒரு துண்டு, எதிர்பாராத விதமாகக் கணிப்பொறிக்குள் வந்து சேர்ந்தது.

இப்புகழுரைக்கு ஒரு வரம்பும் கட்ட வேண்டும். சரியான சொல் கிட்டாமல் பத்து முறை தோற்றவருக்கு நாகசாகியும் ஒரு தடைக்கல் ஆகிவிடும். இரக்கம் தேய்ந்து எரிச்சல் மிஞ்சும். கதை முன்னே போக விரும்பும். புதிர் பின்னே இழுக்கும். இந்தப் பூசல் இவ்வகையில் முழுதும் தீர்ந்ததே இல்லை.

எஞ்சியவையும் எஞ்சாதவையும்

இன்போகாம் 1985இல் ‘கார்னர்ஸ்டோன்’ என்னும் தரவு மென்பொருளில் பெரும்பொருளை இழந்தது. 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை வாங்கியது; 1989இல் மூடியது. படமும் வண்ணமும் மிகுந்த விளையாட்டுகள் சந்தையைக் கைப்பற்றின.

ஆயினும் ‘டிரினிட்டி’யை இன்றும் எளிதாக ஆட முடிகிறது. அதன் காரணம் அறியத்தக்கது. 1979இலேயே ஜோயல் பெரெஸ், மார்க் பிளாங்க் ஆகிய இருவர் ஒரு முடிவு எடுத்தனர். எந்த ஒரு மெய்யான கணிப்பொறிக்கும் கதையை எழுதாமல், எங்குமே இல்லாத ஒரு கற்பனைக் கணிப்பொறிக்கு எழுதினர். பிறகு ஒவ்வொரு மெய்க்கணிப்பொறியும் அந்தக் கற்பனைப் பொறியாக நடிப்பதற்கு ஒரு சிறு நிரல் செய்தனர். மெய்யான பொறிகள் பழுதடைந்து மறைந்தன. கற்பனைப் பொறி மறையவில்லை. அதன் இலக்கணத்தை ஆர்வலர்கள் ஆராய்ந்து அறிந்தனர். அதன் மேல் 1993இல் ‘இன்பார்ம்’ என்ற மொழியைப் படைத்தவர் கிரஹாம் நெல்சன். இங்கிலாந்தின் கணித அறிஞர். கவிஞரும்கூட: இளங்கவிஞர்களுக்கான எரிக் கிரிகரி விருதை 1997இல் பெற்றவர். அவர் தந்த கருவியால் எழுத்து விளையாட்டுகள் வணிகத்துக்கு வெளியே மறுவாழ்வு பெற்றன. 1995 முதல் ஆண்டுதோறும் அவற்றுக்குப் போட்டி நடைபெற்று வருகிறது. 2019இல் இன்போகாம் விளையாட்டுகளின் மூல நிரல்களை ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட் பொதுவெளியில் வைத்தார்.

‘மைன்ட்வீலு’க்கும் ‘அம்னீசியா’வுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அவை அந்தந்தக் காலத்துப் பொறிகளோடு பிணைந்தவை. பழைய பொறியைப் போலப் பாவனை செய்யும் மென்பொருளின் துணை அவற்றுக்கு வேண்டியிருந்தது. கவிஞர்கள் எழுதியவை அரிதாகி, நிரலாளர்கள் எழுதியவை நிலைத்த இந்த முரண், தரத்தால் மட்டும் விளைந்ததன்று. எவ்வடிவில் எழுதி வைக்கப்பட்டது என்பதும் அதைத் தீர்மானித்தது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த செய்தி என்று விட்டுவிட இயலாது. 1990களில் கணிப்பொறிக்கு வந்த தமிழ் எழுத்தாளர்கள், நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரக் குறியீடுகள் வந்தன. டிஸ்கி என்றொன்றும் வழங்கியது. ஒருங்குறி பரவிய பிறகு, உரிய எழுத்துரு கையில் இல்லாதோர்க்கு அப்பழைய கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே தெரிகின்றன. அச்சுக்குப் போனவை பிழைத்தன. அச்சேறாத கவிதைகள் எத்தனை வட்டுகளில் உறங்குகின்றனவோ! கரையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த மரபில் வந்தவர்கள், வட்டில் உள்ளதையும் ஏடாகக் கருதுவது கடமை.

ஆகவே வட்டத்தின் கவிஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தத்தம் பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, இன்றே ஒருங்குறிக்கு மாற்றி, ஒரு படியை வட்டத்தின் பொதுப் பேணலில் சேர்க்க வேண்டும். தனி ஒருவரின் பெட்டியில் இருப்பதை விடப் பலர் கையில் இருப்பது பாதுகாப்பு. இரண்டாவது, ஏவலையே வேராகக் கொண்ட வினைகளை உடைய இம்மொழியில், வாசிப்பவரின் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கும் ஒரு படைப்பை யாரேனும் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய பொறி தேவையில்லை. ‘டிரினிட்டி’ முழுவதும் 128 கிலோபைட் நினைவகம் உள்ள பொறியில் ஓடியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் இடத்துக்குள் அத்தகைய படைப்புகள் பல அடங்கும். தேவைப்படுவது, எச்சொல்லைக் கேட்டு வாங்குவது என்று அறிந்த ஒரு கவிஞர்.

பத்தாண்டு கண்ட வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் காண்க!